வீல்சேர் வேண்டாம் என்று எழுதி வாங்கப் போன பயணம்

எனக்கு வயது எழுபத்தாறு. ஆதார் அட்டையில் எண்பத்தொன்று. பெற்றது ஏழு, வளர்த்தது ஒன்பது. நாத்தனார் விட்டுப் போன இரண்டையும் சேர்த்துச் சொல்கிறேன். ஒன்பதில் ஒன்றுகூட நோஞ்சான் கிடையாது.

ஒரே ஆளுக்கு இரண்டு வயது எப்படி வந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மூத்த மகன் சாதிக் பதினேழு வயதில் ஷார்ஜாவுக்குப் போனான். பதினேழு வயதுப் பையனுக்கு யார் வேலை கொடுப்பார்கள் என்று பாஸ்போர்ட்டில் ஐந்து வயதை ஏற்றிவிட்டார்கள். பல வருஷம் கழித்து எனக்கு ஆதார் எடுக்கப் போனோம். அவனுடைய பேப்பர் வயதை வைத்துப் பார்த்தால் நான் பதினாலு வயதில் அவனைப் பெற்றதாகக் கணக்கு வந்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சாதிக்கின் அத்தாவுக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, ரோஷம் வந்துவிட்டது. "இவளுக்கும் அஞ்சு வருஷம் கூடப் போடும்மா" என்றார். மகனைத் தொட்டு நானும் வளர்ந்தேன். அவர் மவுத்தாகிப் போய்விட்டார். அவர் போட்ட ஐந்து வருஷம் மட்டும் என்னிடம் இருக்கிறது.

எழுதுகிறவள் சாதிக்கின் மகள் சுமையா. எனக்கு எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். எண்கள் நன்றாகத் தெரியும். அவள் கல்லூரியில் மலர் போடுகிறார்களாம், பயணக் கட்டுரை கேட்டார்களாம். அவள் போன பயணமெல்லாம் லால்பேட்டையிலிருந்து கல்லூரி வரைக்கும்தான். அதனால் என்னுடையதை வாங்கிக்கொண்டாள். மக்காவுக்குப் போய் வந்தவர்கள் அந்தப் பயணத்தை எழுதுவார்கள். நான் மக்காவுக்குப் போவதற்காகச் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் போன பயணத்தைச் சொல்கிறேன்.

உம்ராவுக்குப் போகிறவர்கள் கஅபாவை ஏழு சுற்றுச் சுற்ற வேண்டும். பிறகு ஸஃபா, மர்வா என்ற இரண்டு குன்றுகளுக்கு நடுவில் ஏழு நடை நடக்க வேண்டும். அதற்காகத்தான் ஒரு வருஷமாக விடியலில் தொழுதுவிட்டு வீராணம் ஏரிக்கரையில் நடக்கிறேன். முதலில் ஒரு மதகு வரைக்கும், பிறகு இரண்டு, இப்போது நாலு. எங்கள் தெரு ஹப்ஸா போன வருஷம் வீல்சேரில் போய் வந்தாள். என்ன பார்த்தாய் என்று கேட்டேன். "இடுப்புதான் பாத்தேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் எவனாவது ஒருத்தன் இடுப்பு" என்றாள். அன்றைக்கு முடிவு செய்தேன், நான் நடந்துதான் போவேன் என்று.

செவ்வாய்க்கிழமை சிதம்பரம் போனேன். எங்களை அழைத்துப் போகிற குழுவின் ஆபீஸ் அங்கே ஒரு மாடியில் இருக்கிறது. பஸ்ஸில் ஏறியதும் மீசை முளைக்காத ஒரு பையன் எழுந்து இடம் கொடுத்தான். உட்கார்ந்தேன். மூட்டை மாதிரி இரண்டு பை, முதுகில் ஒன்று, கழுத்தில் ஒன்று, அவன் வளைந்து நிற்கிற அழகைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருந்தது. இரண்டு நிறுத்தம் கழித்து எழுந்து, "தம்பி, நீ ஒக்காரு. ஒனக்கு முதுகு வளையுது" என்றேன். பஸ்ஸே சிரித்தது. அவன் இறங்குகிற வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆபீஸுக்கு இருபத்திரண்டு படி. எண்ணிக்கொண்டுதான் ஏறினேன். குழுவை நடத்துகிறவர் மதரஸாவில் ஓதிய பிள்ளை, சாதிக்கைவிடச் சின்னவர். ஆனாலும் எல்லாரும் அவரை ஹஜ்ரத் என்றுதான் கூப்பிடுவோம். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தார்.

"அம்மா, நீங்க எப்பிடி மேல வந்தீங்க? கீழேருந்து ஒரு போன் போட்டா நான் எறங்கி வந்திருப்பேனே."

"நீங்க எறங்கி வந்துட்டா நான் எப்ப ஏறுறது ஹஜ்ரத்" என்றேன்.

என் விண்ணப்பப் பாரத்தை எடுத்தார். அதில் வீல்சேர் என்று போட்ட இடத்தில் ஒரு டிக் இருந்தது. டிக் போட்டது யார் என்று கேட்டேன். "உங்க மவன்தான் வாட்ஸ்அப்புல அனுப்பினாரு. அவரோடதும் உங்களோடதும் ரெண்டு பாரமும் அவரே பூர்த்தி பண்ணிட்டாரு." அந்த டிக்கை அடியுங்கள் என்றேன். மாட்டேன் என்றார். அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவரும் டாக்டரிடம் கடிதம் வாங்கி வர வேண்டுமாம். நடக்கலாம் என்று டாக்டர் எழுதினால் நடை, இல்லாவிட்டால் வீல்சேர். "எல்லாருக்கும் இதே சட்டம்தாம்மா, உங்களுக்குன்னு தனியா இல்ல" என்றார். எல்லாருக்கும் என்ற வார்த்தையை நான் அப்போது காதில் மட்டும் போட்டுக்கொண்டேன்.

அங்கிருந்தே ஷார்ஜாவில் இருந்த சாதிக்கை வீடியோவில் கூப்பிட்டார். அவன் வீட்டுக்குள் ஏதோ எடுக்க எழுந்து நாலடி போய்வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே எனக்கு உபதேசம் பண்ணினான்.

"அம்மா, அங்க கூட்டம் ஜாஸ்தி. நீ வுழுந்துட்டா என்னா பண்றது?"

"எழுந்திருப்பேன்."

"வெளயாடாத. டாக்டரு எழுதிக் குடுத்தா நட. இல்லேன்னா வீல்சேர்ல ஒக்காரு. ரெண்டும் மாட்டேன்னு அடம்புடிச்சா, நாம போவவே வேணாம், நான் கேன்சல் பண்ணிடறேன்."

போனை வைத்த பிறகு இருபத்திரண்டு படியையும் எண்ணாமலே இறங்கினேன். கோபத்தில்தான். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு ஓட்டலில் இட்லியும் கத்திரிக்காய் கொத்சும் சாப்பிட்டேன். சிதம்பரத்துக்காரர்கள் கொத்சில் காட்டுகிற பொறுமையை ரோட்டில் காட்டினால் நாலு வீதியிலும் ஆள் நடக்கலாம். நாலு இட்லி சாப்பிட்டேன். அடுத்த இரண்டு நாளைக்கு அதுதான் ஒழுங்கான சாப்பாடு என்று அப்போது தெரியாது.

அப்படி ஆனதற்குக் காரணம் நான்தான். எனக்குச் சர்க்கரையும் பிரஷரும் கொஞ்சம் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறேன். டாக்டர் பார்க்கும்போது இரண்டும் இறங்கியிருக்க வேண்டும் அல்லவா. பரீட்சைக்கு முந்தின நாள் பிள்ளைகள் உட்கார்ந்து படிப்பதைப் போல நானும் உடம்பைத் தயார் செய்தேன். திரும்புகிற பஸ்ஸில் ஒருத்தி பாகற்காய்ச் சாறு என்றாள். இன்னொருத்தி வெந்தயத்தை ஊறவைத்து வெறும் வயிற்றில் என்றாள். ஹப்ஸா சிறியாநங்கை இலையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். மருமகள் உப்பை நிறுத்தச் சொன்னாள். எதைச் செய்வது, எதை விடுவது? எல்லாவற்றையும் செய்தேன். புதன்கிழமை முழுக்கச் சோறு இல்லை. வாய் வேப்பமரம் மாதிரி ஆகிவிட்டது.

வியாழக்கிழமை காலையில் மாத்திரையை மட்டும் ஞாபகமாகப் போட்டுக்கொண்டு, தங்கச்சி வீட்டுக்குப் போவதாக மருமகளிடம் சொல்லிவிட்டுக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினேன். தங்கச்சி ஜொஹரா கடலூர் முதுநகரில்தான் இருக்கிறாள், அதனால் முழுப் பொய் இல்லை.

சிதம்பரத்தில் மாறி ஏறிய பஸ் புதுச்சத்திரம் தாண்டியதும் படார் என்றது. டயர் போய்விட்டது. டிரைவர் வண்டியை ரோட்டை விட்டு இறக்கி ஒரு காலி மனையில் நிறுத்தினார். பின்னால் வந்த பஸ் எல்லாம் கூட்டம், ஒன்றும் நிற்கவில்லை. ஆம்பளைகள் நிழல் தேடி உட்கார்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்தார்கள். எனக்கு உட்காரப் பிடிக்கவில்லை. நாலு மதகு நடக்க வேண்டிய நேரத்தில் இன்றைக்குப் பஸ்ஸில் உட்கார்ந்துவிட்டோமே என்று இருந்தது. துப்பட்டியை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ்ஸைச் சுற்றி நடக்கத் தொடங்கினேன். நடக்கிறதுதான் நடக்கிறோம், மக்காவில் நடப்பது போலவே பழகுவோம் என்று இடது கைப் பக்கம் பஸ் இருக்கிற மாதிரி நடந்தேன்.

முதல் சுற்றில் பின் டயர் பக்கம் திரும்பும்போது எதிரில் ஒரு அம்மாள் வந்தாள். மஞ்சள் பூசிய முகம், கையில் ஒயர் கூடை, அறுபத்தைந்து வயது இருக்கும். அவளும் பஸ்ஸைத்தான் சுற்றுகிறாள், வலது கைப் பக்கம் பஸ் இருக்கிற மாதிரி. இரண்டு பேரும் ஒதுங்கி வழிவிட்டோம். முன் பக்கம் போனேன், மறுபடியும் எதிரில் வந்தாள். ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை சந்தித்தோம். சந்திக்கும்போதெல்லாம் ஆளுக்கு ஒரு பேச்சு.

"உங்க பக்கம் இப்பிடித்தான் சுத்துவாங்களா?"

"மக்காவுல இப்பிடித்தான். அதுக்குப் பழகுறேன். நீங்க?"

அடுத்த முறை டிரைவர் கதவுப் பக்கம் பதில் கிடைத்தது. "டாக்டரு தெனம் அரை மணி நடன்னாரு. எங்க கோயில்ல வலமாத்தான் வருவோம். பழக்கதோஷம், கால் அப்பிடியே திரும்பிப் போவுது."

அவள் பெயர் தனலட்சுமி, குறிஞ்சிப்பாடி. சிதம்பரத்தில் மகள் வீட்டிலிருந்து கடலூருக்கு முழங்கால் காட்டப் போகிறாள். மருமகன் எப்படி என்று பின் படிக்கட்டில் கேட்டேன். முன் விளக்கில் "அத ஏன் கேக்கறீங்க" என்றாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு சந்திப்பிலும் மருமகன் கதை ஒரு வரி வளர்ந்தது. மருமகன் புது வண்டி வாங்கினான், வண்டியைத் தம்பி ஓட்டினான், தம்பி வண்டியை வாய்க்காலில் விட்டான். அடுத்தது என்ன என்று தெரிந்துகொள்வதற்காகவே நான் வேகமாக நடந்தேன். அவளும் வேகமாக வந்தாள்.

ஜாக்கி போட்டுக்கொண்டிருந்த கண்டக்டர் தலையைத் தூக்கிப் பார்த்தார். "ஒருத்தரு இந்தப் பக்கம், ஒருத்தரு அந்தப் பக்கம். ரெண்டு பேருமாச் சேந்து இந்த வண்டிய சாமியாக்கிடாதீங்கம்மா. அப்பறம் டிப்போவுல உண்டியல் வெக்கச் சொல்லுவாங்க."

"எனக்கு இது நடைதான் தம்பி, மனசுல நெனச்ச நிய்யத்து ஒண்ணும் கெடையாது" என்றேன். தனலட்சுமி, "எனக்கும் நடைதான். ஆனா சீக்கிரம் கெளம்பணும்னு ஒரு வேண்டுதல் மட்டும் வெச்சிருக்கேன்" என்றாள்.

ஏழு சுற்று முடித்து, கதை முடியாததால் இன்னும் நாலு சுற்றினேன். வெயில் ஏறிவிட்டது. டயரை மாட்டி வண்டி கிளம்பும்போது எனக்குக் காதுக்குள் வண்டு பறந்தது. வெந்தயம் வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

தனலட்சுமி போக வேண்டிய ஆஸ்பத்திரியும் நான் போக வேண்டியதும் ஒன்றுதான், மஞ்சக்குப்பத்தில். டாக்டர் ஒரு சின்னப் பெண். என் கதையைக் கேட்டுக்கொண்டு, வராந்தாவில் ஆறு நிமிஷம் நிற்காமல் நடக்கச் சொன்னாள். இதற்கா ஒரு டாக்டர் என்று நினைத்தேன். முதல் முறை போய்த் திரும்பினேன். இரண்டாவது முறை திரும்பும்போது வராந்தாவும் என்னோடு திரும்பியது. சுவர் வந்து தோளில் முட்டியது. அப்புறம் பார்த்தால் பெஞ்சில் கிடக்கிறேன், தனலட்சுமி ஒயர் கூடையிலிருந்து கடலை உருண்டையை எடுத்து வாயில் திணிக்கிறாள், நர்ஸ் விரலில் குத்துகிறாள்.

"பாட்டிம்மா, சுகர் ஐம்பத்தெட்டு. காலைல என்ன சாப்டீங்க?" என்றாள் டாக்டர்.

"மாத்திரை."

"அதுக்கு முன்னாடி?"

பாகற்காயிலிருந்து சிறியாநங்கை வரைக்கும் ஒப்புக்கொண்டேன். டாக்டர் நெற்றியில் கை வைத்தாள். "மாத்திரை போட்டா சாப்பிட்டே ஆகணும். பட்டினி கெடந்து, கசப்பெல்லாம் குடிச்சு, வெயில்ல பதினோரு ரவுண்டு பஸ்ஸச் சுத்திட்டு வந்து எங்கிட்ட டெஸ்ட் குடுக்கறீங்க. நான் உங்களப் பாக்கணும். நீங்க ரெடி பண்ணிட்டு வந்த ஆளப் பாத்து நான் என்ன பண்ணட்டும்?"

கடிதம் கொடுக்கவில்லை. இரண்டு நாள் வழக்கம்போலச் சாப்பிட்டுவிட்டுச் சனிக்கிழமை வாருங்கள், அன்றைக்கும் இப்படி ஆனால் வீல்சேர் என்றுதான் எழுதுவேன் என்றாள். தனலட்சுமி ஆட்டோ பிடித்து முதுநகர் வரைக்கும் கொண்டுவந்து விட்டாள். வழியில் மருமகன் கதையை முடிக்கச் சொன்னேன். "நீங்க சனிக்கெழம நல்லா நடங்க, அப்பறம் சொல்றேன்" என்றாள். பிடிவாதக்காரி.

ஜொஹரா எனக்கு ஆறு வயது இளையவள். சோபாவில் ஒரு பள்ளம் இருக்கும், அது அவளுடைய இடம். டிவி, ஃபேன், போன் எல்லாவற்றையும் அந்தப் பள்ளத்திலிருந்தே நடத்துவாள். பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டிருக்கிறாள். நான் விழுந்த கதையைக் கேட்டுவிட்டுத் திட்டினாள்.

"இந்த வயசுல ஒனக்கு என்னாத்துக்குக்கா இந்த ரோஷம்? மவன் வீல்சேர் போட்டுத் தர்றேங்கறான். ராணி மாதிரி ஒக்காந்துட்டுப் போயேன்."

"ராணிங்க ஒக்காந்தே இருந்துதான் ராஜ்ஜியமெல்லாம் போச்சு" என்றேன். வாய் சொன்னது. ஆனால் அன்று மத்தியானம் பாத்ரூமுக்குப் போனபோது அவள் போட்ட கம்பியை நான் பிடித்துக்கொண்டேன். பிடித்த பிறகுதான் கவனித்தேன். விடவும் பயமாக இருந்தது. ஒருவேளை சாதிக் சொல்வதுதான் சரியோ, வருஷமெல்லாம் நான் மதகுகளை எண்ணியது வீண் ஜம்பமோ என்று அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். இதை இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை. சுமையா, எழுது, பரவாயில்லை.

வெள்ளிக்கிழமை ஜொஹரா சமைத்தாள். அவள் சோபாவை விட்டு எழுந்திருப்பது மீனுக்காக மட்டும்தான். சங்கரா மீன் குழம்பு, நெத்திலி வறுவல். எங்கள் ஊரில் ஏரி மீன், சேறு வாசம் போக மஞ்சள் போட்டுத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இங்கே மீனிடம் கடல் வாசம் தவிர வேறு குற்றம் இல்லை. வேளாவேளைக்குச் சாப்பிட்டேன், வேளாவேளைக்கு மாத்திரை போட்டேன். சாயங்காலம் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் போட்ட வட்டலப்பம் கொண்டுவந்து வைத்தாள். ஒரு ஸ்பூன் தின்றுவிட்டுத் தட்டைத் தள்ளி வைத்தேன். வட்டலப்பத்தைத் தள்ளி வைத்தது என் ஆயுளில் அது ஒரு தடவைதான்.

சனிக்கிழமை விடியலில் துறைமுகப் பக்கம் மெதுவாக நடந்தேன். ஜொஹரா வீட்டுக் கம்பியைப் பிடித்த கையைத் துப்பட்டிக்குள் மறைத்துக்கொண்டேன். படகுகள் வந்து ஏலம் நடந்துகொண்டிருந்தது. என்னைவிட முதியவளாகத் தெரிந்த ஒருத்தி தலையில் மீன் கூடையோடு என்னைத் தாண்டிப் போனாள். எட்டிப் பிடித்து வயது கேட்டேன்.

"வயசா? ஒக்காந்து எண்ணினாத்தான் தெரியும். எனக்கு ஏது நேரம்? நெத்திலி வேணுமா, வேணாமா?"

நேற்றே சாப்பிட்டாகிவிட்டது என்றேன். அப்படியானால் வழியை விடு என்று போய்விட்டாள்.

இடியாப்பம் சாப்பிட்டு, அரை மணி கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனேன். வாசலில் தனலட்சுமி நிற்கிறாள். அவளுக்கு அன்றைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. "மருந்து வாங்க வந்தேன்" என்றாள், கையில் மருந்து எதுவும் இல்லை. கூடைக்குள் கடலை உருண்டை இருந்தது.

டாக்டர் முதலில் கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரச் சொன்னாள். "தரையில உக்காந்து எழுந்தா ஆவாதா?" என்று கேட்டு, தரையில் உட்கார்ந்து எழுந்தேன். அஞ்சு வேளையும் நெற்றியைத் தரையில் வைத்து எழுகிறவளுக்கு அது என்ன பெரிய காரியம். எங்கள் சாதிக் பள்ளிவாசலில் நாற்காலி போட்டுத் தொழுகிறான். பின் வரிசை முழுக்க இப்போது நாற்காலிகள்தான்.

பிறகு வராந்தா. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சுவரைப் பார்த்துக்கொண்டேன். அது அதன் இடத்திலேயே நின்றது. மூன்றாவது நிமிஷத்தில் கம்பு ஊன்றி வந்த ஒருவரைத் தாண்டினேன். நாலாவது நிமிஷத்தில் டிரே தூக்கிப் போன நர்ஸைத் தாண்டினேன். "பாட்டிம்மா, மெதுவா, யாரும் துரத்தல" என்று டாக்டர் கூப்பிட்டாள். தனலட்சுமி பெஞ்சில் உட்கார்ந்து என்னோடு சேர்த்துத் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள். ஆறு நிமிஷம் முடிந்ததும் எனக்கு முன்னால் அவள் பெருமூச்சு விட்டாள்.

பிரஷர் கொஞ்சம் கூடத்தான் இருந்தது. ஊறுகாயை நிறுத்தச் சொன்னாள். சுற்றுக்கு நடுவில் உட்கார வேண்டும், தண்ணீர் குடிக்க வேண்டும், இடுப்பில் எப்போதும் ஒரு இனிப்பு இருக்க வேண்டும், பட்டினி மட்டும் கூடவே கூடாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். கடிதத்தை இங்கிலீஷில் எழுதினாள். எனக்குப் படிக்கிற மாதிரி ஒரு வார்த்தை வேண்டும் என்று கேட்டேன். பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். எழுத்துக் கூட்டினேன். நடக்கலாம்.

மருமகன் கதையின் முடிவைத் தனலட்சுமி ஆஸ்பத்திரி வாசலில் சொன்னாள். வாய்க்காலில் விழுந்த வண்டியை மருமகன் சோதித்துப் பார்க்கிறேன் என்று ஏறி உட்கார்ந்து, அதே வாய்க்காலில் தானும் விட்டானாம். இதைச் சொல்வதற்கா என்னை இரண்டு நாள் காக்கவைத்தாய் என்று கேட்டேன்.

திங்கட்கிழமை சிதம்பரம். இருபத்திரண்டு படி. கடிதத்தை மேஜைமேல் வைத்தேன், தமிழ்ப் பக்கம் மேலே தெரிகிற மாதிரி. ஹஜ்ரத் சிரித்துக்கொண்டே என் பாரத்தில் வீல்சேர் டிக்கை அடித்தார். அதற்குக் கீழே சாதிக்கின் பாரம் இருந்தது. போட்டோவுக்குப் பக்கத்தில் ஒரு எண். எண்கள் எனக்குத் தெரியும் என்று முன்பே சொன்னேன். அறுபத்திரண்டு.

"ஹஜ்ரத், அறுபதுக்கு மேல எல்லாருக்கும் டாக்டர் கடிதம்னு சொன்னீங்களே."

"ஆமாம்மா."

"இவரு கடிதம் எங்க?"

ஹஜ்ரத் எண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அம்மா, உங்களுக்குத் தெரியாததா. சாதிக் பாய்க்கு நெசத்துல அம்பத்தேழுதானே. இது பாஸ்போர்ட் வயசு."

"என்னோட எண்பத்தொண்ணு மட்டும் என்ன, நான் இருந்து எண்ணினதா?"

சட்டம் எல்லாருக்கும் ஒன்று என்று சொன்ன வாய் அவருடையது. போனை எடுத்து, உங்களுக்கும் டாக்டர் கடிதம் வேண்டும் என்று சாதிக்கிடம் அவரே சொன்னார். நான் வெளியே வந்து கொத்சு சாப்பிடப் போனேன்.

சாதிக் அடுத்த வாரம் வந்து இறங்கினான், இந்த முறை ஒரேயடியாக. பேப்பரில் வயதாகிவிட்டது என்று வேலையை முடித்து அனுப்பிவிட்டார்கள். அவனைக் கடலூருக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். பஸ்ஸில் ஒருத்தர் எழுந்து இடம் கொடுத்தார், எனக்கு இல்லை, அவனுக்கு. உட்கார்ந்துகொண்டான். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

வராந்தாவில் அவன் நடக்க ஆரம்பித்தபோதும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாவது நிமிஷத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டான். டாக்டர் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டாள். "மொதல்ல குடோன்ல அரிசி மூட்டை தூக்கினேன் டாக்டர். பதினேழு வயசுல. அப்பறம் கடையில ஒக்காந்தேன், ஒக்காந்துட்டே இருந்தேன்" என்றான். அப்போது சிரிப்பு நின்றுவிட்டது. நாங்கள் பேப்பரில் ஏற்றிய ஐந்து வயது போய் அவன் முழங்காலில் உட்கார்ந்திருக்கிறது. என்னைப் பார்த்துத்தான் எனக்கு வீல்சேர் கேட்டானா, தன் காலை வைத்து என் காலை நினைத்தானா, தெரியவில்லை. இடுப்பில் வைத்திருந்த கடலை உருண்டையை எடுத்துக் கொடுத்தேன். சின்னப் பிள்ளை மாதிரி வாங்கித் தின்றான்.

டாக்டர் அவனுக்கு இப்போதைக்கு வீல்சேர் என்றுதான் எழுதினாள். போக இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, தினமும் நடந்து, எடையைக் குறைத்து, மறுபடி வந்தால் பார்க்கலாம் என்றாள். ஹஜ்ரத்துக்கு வேலை மிச்சம். பதிவு பண்ணிய வீல்சேர் அப்படியே இருக்கிறது, பெயரை மட்டும் மாற்ற வேண்டும்.

திரும்பும்போது பஸ் ஆலப்பாக்கம் தாண்டியது.

"அம்மா, நீ ஒண்ணும் சொல்லாத" என்றான்.

"நான் என்னா சொன்னேன்?"

"சிரிக்காத."

"சரி."

பிறகு அவனே, "அங்க நீ தள்ளுவியா என்னை?" என்றான்.

"தள்ளறதுக்கு அங்க ஆளுங்க இருக்காங்க. நான் பக்கத்துல நடந்து வர்றேன். ஒனக்கு எல்லாரோட இடுப்புதான் தெரியும். மேல என்னா தெரியுதுன்னு நான் பாத்துப் பாத்துச் சொல்லிட்டே வர்றேன்."

இந்த முறை அவன் சிரித்தான். புதுச்சத்திரத்தில் அந்தக் காலி மனை வந்தது. கைநீட்டிக் காட்டினேன், இங்கேதான் சுற்றினேன் என்று. அவன் நம்பவில்லை.

மறுநாள் விடியலில் ஏரிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் மதகு வரைக்கும் வந்தான். அதற்கு மறுநாள் பாதி தூரம் வந்து செருப்பு கடிக்கிறது என்றான். அதற்கு அடுத்த நாள் மழை வரும் போலிருக்கிறது என்றான். வானத்தில் ஒரு மேகம் இல்லை. அவனை முழங்கால் மூன்று மாதத்தில் முந்துமா, அவன் முழங்காலை முந்துவானா என்று எனக்குத் தெரியாது. எனக்கு என்னவோ அந்த வீல்சேர் காலியாகப் போக வேண்டும் என்றுதான் ஒவ்வொரு தொழுகைக்குப் பின்னும் துவா.

சுமையா, எழுதியது போதும். இப்போது முதல் வரியிலிருந்து வாசி. மெதுவாக வாசி, ஆனால் நல்ல சத்தமாக வாசி. உன் அத்தா நாளையிலிருந்து கட்டாயம் நடக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடுத்த அறையில்தான் படுத்திருக்கிறான்.